லொறிக்கு ஒரு சுமைதாங்கி

சுமைதாங்கி என்ற சொல்லை இக்காலத்து மாணவர் பலர் அகராதியிலேதான் சந்திக்கின்றனர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன, தமிழகத்திலும் உண்டு. ஓர் ஆளின் தோளுயரத்துக்குக் கட்டப்பட்ட கல்மேடை அது. தலைச்சுமையோடு வருபவன் பிறர் கைகொடுக்க வேண்டாமலே தன் மூட்டையை அதன்மேல் நகர்த்திவிட்டு, சற்று நின்று மூச்சு வாங்கி, மீண்டும் தானே ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றிற் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றைக் கட்டுவது வழக்கம். கட்டியவர்களுக்கு ஒரு நுட்பம் தெரிந்திருந்தது. சுமப்பவன் இளைப்பாற வேண்டுமானால் முதலிற் சுமை இளைப்பாற வேண்டும். நிழலை மட்டும் கொடுத்துவிட்டுச் சுமையை அவன் தலையிலேயே விட்டுவைத்தால் அதை ஓய்வென்று யார் சொல்வார்?

மன்னார்த் தீவின் லொறிச் சாரதிகள் விடுமுறைக்கு வீடு வரும் நாட்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்மேடையின் நினைவே எழுகின்றது.

என் தங்கையின் கணவர் ஒரு லொறிச் சாரதி. லொறி அவருடையதன்று; வெளியூர் முதலாளி ஒருவருடையது. பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டத்துக்குப் பின் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். லொறியை முதலாளியின் வளவில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினால், வரவும் போகவுமாக அந்த இரண்டு நாளிற் பெரும்பகுதி வழியிலே கழிந்துவிடும். ஆகையால் லொறியோடேயே வருகிறார். வந்து இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கின்றனர். அவர் கண்ணோ, லொறியை எங்கே விடுவது என்று தெருவின் இரு பக்கமும் அலைகின்றது.

எங்கள் ஒழுங்கை மாட்டு வண்டியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. பனைமட்டை வேலிகளுக்கு நடுவே லொறி நுழையாது. நுழைந்தாலும் மின்கம்பி கூண்டில் உரசும். உறவினர் ஒருவரின் வெறுங்காணி இருக்கிறது. ஆனால் அது மணல். பத்துச் சக்கர லொறி ஓர் இரவு நின்றால், காலையிற் சக்கரத்தின் கீழே பலகையும் தென்னை மட்டையும் இட்டு அரை நாள் போராட வேண்டும். வாடை மாதங்களில் மழை பெய்துவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். பள்ளிக்கூட மைதானம் விடுமுறை நாளிலே மட்டும் கிடைக்கும். அதுவும் அதிபரின் மனநிலையைப் பொறுத்தது. (அதிபர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மீன் ஏற்றி வந்த லொறியின் அடியில் வடிந்த ஐஸ் தண்ணீரின் நாற்றம் மூன்று நாள் வகுப்பறையை விட்டுப் போகாது.) மீதியாயிருப்பது பெருந்தெரு. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் அந்தத் தெருவோரத்தில் இருட்டில் நிற்கும் லொறி, தனக்கும் ஆபத்து. பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் ஆபத்து.

நிறுத்திவிட்டால் மட்டும் போதுமா? தாங்கியிலிருக்கும் டீசல், பற்றறி, மேலதிகச் சக்கரம், படங்கு, கயிறு ஆகிய ஐந்தும் இரவில் கால் முளைக்கும் பொருள்கள். நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், தாங்கி நிறைந்த லொறியை வெளியே விட்டு உறங்குவது பணப்பெட்டியைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பாயிருந்தது. களவு போனால் முதலாளி சாரதியின் சம்பளத்திற் கழிப்பார். ஆகவே என் மைத்துனர் உணவை முடித்துக்கொண்டு தலையணையோடு லொறிக்குப் போய்விடுகிறார். பன்னிரண்டு நாள் எந்த ஆசனத்திற் சுருண்டு படுத்தாரோ, விடுமுறை இரவிலும் அதே ஆசனம்.

“அவர் எங்க அண்ணன் வீட்டுக்கு வாறார்? லொறிதான் வருது. அதுக்குக் காவலா அவர் வாறார்” என்று என் தங்கை ஒருநாட் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இதிலே வியப்பு யாதெனில், வாகனத்துக்கு இளைப்பாறுமிடம் வகுப்பதில் இந்தத் தீவுக்கு நீண்ட பழக்கம் உண்டு என்பதுதான். எதிர்க்கரையிலிருக்கும் மாதோட்டம் பருவக்காற்றை நம்பிய மரக்கலங்களால் வளர்ந்த பட்டினம். இன்றுங்கூட எங்கள் கடற்றொழிலாளர் காற்றுக்கேற்பக் கரை பார்க்கத் தெரிந்தவர்கள். சோளகம் வீசும் மாதங்களிலே தாழ்வுபாட்டுப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும். பேசாலையின் வடகடல் அடங்கியிருக்கும். வாடை பிறந்தால் நிலைமை தலைகீழாகும். அதற்கேற்ப வள்ளங்களைக் கரையேற்றி வைப்பார்கள். அங்கே மதிலில்லை, பூட்டில்லை, காவற்காரனுமில்லை. வலை பொத்தும் கிழவர், கருவாடு காயவைக்கும் பெண்கள், வள்ளத்தின் நிழலில் விளையாடும் சிறுவர் என்று கரை முழுவதும் கண்களாயிருப்பதனால் வள்ளம் பத்திரமாயிருக்கின்றது. வள்ளக்காரன் வீட்டிலே கால் நீட்டிப் படுக்கிறான். பாதுகாப்பு என்பது பெரும்பாலும் ஆள் நடமாட்டத்தின் மறுபெயரே என்று எனக்குத் தோன்றுகிறது. தெருவோரத்து லொறிக்கு இல்லாதது அந்தக் கண்கள்தாம்.

சற்றுத் தெற்கே, பெருநிலத்துக் கரையில் மறிச்சுக்கட்டி இருக்கின்றது. 1905ஆம் ஆண்டின் பெரிய முத்துக்குளிப்புக்காக அங்கே வெறும் மணலின்மேல் ஒரு நகரத்தையே அரசாங்கம் எழுப்பிற்று. தெருக்கள், நீதிமன்றம், வைத்தியசாலை, பொலிஸ் எல்லாம் இருந்தன. சில கிழமைகளில் அத்தனையும் கலைந்துபோயின. முத்துக்காகச் சில கிழமைக்கு நகரம் அமைக்க முடிந்த நாட்டில், கொழும்பு மக்களுக்கு மீனும், திரும்பி வருகையில் எங்களுக்கு அரிசியும் சீமெந்தும் சுமந்து வருபவனுக்காக அரை ஏக்கர் நிலத்தில் கிரவல் கொட்ட முடியாதா என்று கேட்பது பேராசையாகாது.

மடுத் திருப்பதியின் ஆவணித் திருவிழாவையும் இங்கே சொல்ல வேண்டும். முன்னாளில் மாட்டு வண்டிகளிலே வந்து மரநிழலிற் பாளையமிட்ட யாத்திரிகர், இந்நாளில் வான்களிலும் லொறிகளிலும் வருகின்றனர். மாவட்டத்திலே சாரதியும் அவன் குடும்பமும் அவன் வாகனமும் ஒரே இடத்தில் அச்சமின்றி உறங்கும் இரவுகள் அவையே என்று நினைக்கிறேன்.

இந்தக் கவலை மன்னாருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜேசன் றிவன்பேர்க் என்னும் சாரதி 2009 மார்ச்சில் பால் ஏற்றிக்கொண்டு தென் கரோலினாவுக்குப் போனார். நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டமையால், கைவிடப்பட்ட எரிபொருள் நிலையமொன்றில் லொறியை நிறுத்தி உறங்கினார். அங்கே ஒரு கொள்ளையன் அவரைச் சுட்டுக் கொன்றான். கிடைத்தது ஏழு டொலர். அவருடைய மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி, இரட்டைக் குழந்தைகள். அந்தப் பெண்ணும் குடும்பத்தாரும் விடாது முயன்றதன் பயனாக 2012ஆம் ஆண்டிலே, லொறிகள் பாதுகாப்பாகத் தரிக்க இடம் அமைக்க வழிசெய்யும் சட்டவிதி ஒன்று நிறைவேறிற்று. ‘ஜேசனின் சட்டம்’ என்றே அதனை வழங்குகின்றனர். நம் முன்னோர் எந்த மரணத்தை நினைத்துச் சுமைதாங்கி நட்டார்களோ, அதற்கு அணுக்கமான துயரத்திலிருந்தே கடல் கடந்த அந்நாட்டிலும் ஒன்று எழுந்திருக்கிறது.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தார் இன்னும் ஒரு படி மேலே போய், வாரத்துக்குரிய 45 மணிநேர முழு ஓய்வைச் சாரதி தன் லொறிக்குள்ளே கழிக்கலாகாது என்றும், நான்கு வாரத்துக்கொருமுறையேனும் அவன் வீட்டுக்கோ தன் பணித்தளத்துக்கோ திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் 2020இல் விதியைத் தெளிவாக்கினர். நல்ல விதிகள்தாம். ஆயினும் இவையனைத்தும் பெரும்பாலும் சாரதியை வழியிலே நிற்பவனாகக் கருதியே எழுதப்பட்டவை. வீட்டுக்கு அனுப்பிய பிறகு லொறி எங்கே நிற்கும் என்ற கேள்வி அவன் தலையிலேயே நிற்கின்றது. சொந்த ஊரிலேதான் அவனுக்கு இடமில்லை என்பது சட்டம் எழுதுவோருக்கு எளிதிலே தோன்றாத செய்தி போலும்.

எங்கள் ஊரில் இக்கேள்வி பிந்தி எழுந்ததற்குக் காரணமுண்டு. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் போரிலே தகர்ந்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஆளின்றி நிற்கும் லொறி என்றாலே ஊர் அஞ்சி ஒதுங்கும். யாரும் அதைத் தெருவில் விட்டுச் செல்லத் துணியார். 2010இல் யப்பானிய உதவியோடு புதிய பாலம் திறக்கப்பட்டது. லொறிகள் பெருகின. பாலத்துக்கு வழியமைத்தவர்கள், அதன்மேல் வருபவை இரவில் எங்கே அடங்கும் என்று எண்ணினார்களோ என்னவோ.

வேண்டுவது பெரிய மாளிகையன்று. மணலின்மேல் இறுகக் கிரவல் இட்ட தரை, இரண்டு விளக்கு, ஒரு தண்ணீர்க்குழாய், ஒரு கழிப்பறை, இரவுக்கு ஓர் ஆள். வாசலிலே தேநீர்க்கடை ஒன்றிருந்தால் மிக நன்று. நான் முன்னே சொன்ன கண்களைச் சம்பளமில்லாமலே அது கொண்டுவரும். கடலுக்கு மிக அருகில் வேண்டாம் என்கின்றனர் சாரதிகள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். இரவுக்கு நூறு இருநூறு ரூபாய் கொடுக்கவும் அவர்கள் ஆயத்தம். ஒரு பற்றறியின் விலையை அறிந்தவர்கள் அல்லவா!

சென்ற மாதம் ஐந்து சாரதிகள் சேர்ந்து, பாழடைந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் வளவை வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான். உரிமையாளர் மறுக்கவில்லை. வளவின் நடுவே பழைய கிணறு ஒன்று உண்டு. லொறி திரும்புவதற்காக அதைத் தூர்க்க வேண்டும் என்கின்றனர் மூவர். நல்ல தண்ணீர், தூர்க்கலாகாது என்கின்றனர் மற்றை இருவர். பேச்சு இப்போது அந்தக் கிணற்றடியில் நிற்கிறது.