சமுதாயக் கல்லூரியிற் சேருமுன் அறியவேண்டுவன

பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்க்கு வழிகாட்டும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரையும் கள ஊழியரையுமே சார்கின்றது. ஆதலின், சமுதாயக் கல்லூரி யாது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஒரு வட்டாரத்தின் தொழில்களுக்கு வேண்டிய திறனை அவ்வட்டாரத்தார்க்கே குறைந்த செலவிற் கற்பிப்பது இக்கல்லூரியின் நோக்கமாகும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் இத்தகைய கல்லூரியொன்றைத் தொடங்கிற்று. 2013ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. அதன்படி ஆறு மாதப் படிப்பிற்குச் சான்றிதழும், ஓராண்டிற்குப் பட்டயமும், ஈராண்டிற்கு உயர்பட்டயமும் உரியன. இடையில் நிற்க நேர்ந்தவரும் வெறுங்கையோடு திரும்பவேண்டுவதில்லை. சான்றிதழ்ப் படிப்பின் 30 கிரெடிட்டுகளில் 18 தொழில்திறனுக்கும், 12 பொதுக் கல்விக்கும் ஒதுக்கப்பட்டன.

சிறிய கல்லூரியில் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் பெயரிட்டு அறிவார்; கருவியைக் கையாளும் முறையும் விரைவில் வரும். எனினும், பாடப்பிரிவுகள் சிலவே இருக்கும், நூலகமும் சிறிதாயிருக்கலாம்.

எனவே, கட்டணம் செலுத்துமுன் மூன்று வினாக்களுக்கு விடை பெறுதல் வேண்டும். சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அமைப்பு? செய்முறைப் பயிற்சி எந்தத் தொழிலகத்தில் நடைபெறும்? இங்குப் பெறும் கிரெடிட்டுகளைப் பட்டப்படிப்பிற்கு ஏற்கும் கல்லூரி எது?

இவற்றுள் மூன்றாவதே தலையாயது. அதற்குரிய விடையை, மாணவர் பின்னர்ச் சேர விரும்பும் கல்லூரியிடமிருந்தே எழுத்து மூலம் பெறுதல் வேண்டும். வாய்மொழியை நம்பிச் சேர்ந்தபின் அது பொய்ப்பின், ஈராண்டு உழைப்பு மேற்படிப்பிற்கு உதவாமற் போகும். வறிய குடும்பத்தார்க்கு அவ்விழப்பு ஈடுசெய்தற்கரியது.