வீடியோ விளையாட்டும் அதன் விலையும்

பண்டமொன்றைக் கண்டதும் அதன் விலை யாது என வினவுவார் பலர்; அவ்விலைக்கு நாம் பெறுவது யாது என வினவுவார் சிலரே. சந்தையிலே கத்தரிக்காய் வாங்கும்போது இவ்விரண்டையும் ஒருங்கே சீர்தூக்கும் நாம், பிள்ளைகள் விரும்பும் வீடியோ விளையாட்டை வாங்கும்போது முன்னையதை மாத்திரம் நோக்கி முகஞ் சுளிக்கின்றோம். இவ்விளையாட்டுக்கள் இன்று மாணவர்க்கு மட்டுமன்றிப் பழைய மாணவர் பலர்க்கும் பொழுதுபோக்காக இருத்தலின், அவற்றின் விலையை வாங்குவோர் நிலையில் நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் விலையின் வரலாற்றை நோக்குவோம். 1996ஆம் ஆண்டிலே நின்டெண்டோ 64 என்னும் கருவியுடன் அமெரிக்காவில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ 64' ஏறக்குறைய 60 டொலருக்கு விற்கப்பட்டது. 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360 வந்தபோது பெரிய விளையாட்டுக்களின் வழக்கமான விலை 50 டொலரிலிருந்து 60 டொலராயிற்று. 2020இல் அது 70 டொலரை எட்டியது. 2025 யூன் மாதத்தில் சுவிட்ச் 2 கருவியுடன் வந்த 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' என்பதைத் தனியே வாங்குவோர் 80 டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. மேலோட்டமாகப் பார்ப்பின் இஃது ஓயாத ஏற்றமாகவே தோன்றும். ஆயின், 1996 முதல் 2024 வரையில் அமெரிக்காவின் பொது விலைமட்டம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அன்றைய 60 டொலர் இன்றைய 120 டொலருக்கு ஒப்பாகும். ஆகவே, பணத்தின் பெறுமதி கொண்டு அளப்பின், விலை ஏறவில்லை, இறங்கியே உள்ளது.

எம் நாட்டவர்க்கு இக்கணக்கு இத்துணை இனிதாக முடிவதில்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவளவிற்கு உயர்ந்தது. தன் விலையில் ஒரு சதமேனும் மாறாத 60 டொலர் விளையாட்டு, 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவாயிற்று. சம்பளம் பெறுவோரின் வருவாயோ அவ்வாறு உயர்ந்திலது.

இனி, இவ்விலை எவ்வாறு அமைகின்றது என்பதைக் காண்போம். முற்காலத்தில் விளையாட்டானது நினைவகச் சில்லுகள் பொதிந்த பிளாஸ்டிக் பேழையில் வந்தது. பேழை ஒவ்வொன்றையும் ஆக்குதற்குக் கணிசமான செலவாயிற்று. 1994இல் யப்பானில் வெளியான பிளேஸ்டேசன் கருவி இறுவட்டைக் கையாண்டமையால் அச்செலவு மிகச் சுருங்கியது. இன்று இணையவழியே பதிவிறக்கும்போது ஒரு பிரதிக்குரிய செலவு இல்லையென்றே கூறலாம். ஸ்டீம் போன்ற இணையக் கடைகள் விற்பனையில் 30 வீதத்தைப் பொதுவாகத் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. 60 டொலரில் 18 டொலர் கடைக்கே சேரும். எஞ்சியது ஆக்கியோர்க்கும் வெளியிட்டோர்க்கும் உரியது. நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்து ஆக்கும் செலவு பெரிதே. எனினும், ஒரு பிரதி விற்பினும் பத்து இலட்சம் பிரதிகள் விற்பினும் அச்செலவு ஒன்றே.

ஆதலால் விலையை நிருணயிப்பது பிரதியின் அடக்கவிலையன்று, வாங்குவோரின் அவசரமே. வெளியான அன்றே வேண்டுமென்பான் முழுவிலை கொடுக்கின்றான். ஓராண்டு பொறுத்திருப்பான் கழிவு விற்பனைக் காலத்தில் அதனையே பெரும்பாலும் பாதி விலைக்குப் பெறுகின்றான். விலை உயர்ந்தது தரத்தில் உயர்ந்தது என்பதும் பொருந்தாது. அவுஸ்திரேலியாவில் ஒரு சிறு குழுவினர் ஆக்கி 2025 செத்தெம்பரில் வெளியிட்ட 'ஹொலோ நைட்: சில்க்சோங்' 20 டொலருக்கே விற்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றது.

எனவே விலையேற்றமே வாங்குவோரின் முதற்குறையன்று. கொடுக்கும் பணத்திற்குப் பெறும் உரிமை குறுகியமையே எம் கருத்தில் உண்மையான குறையாகும். கல்லூரியின் பழைய கிரிக்கெட் மட்டையொன்று அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்குச் செல்லும். இறுவட்டும் அவ்வாறே இரவல் போகும், விற்கவும்படும். பதிவிறக்கிய விளையாட்டோ வாங்கினவன் கணக்கோடு கட்டுண்டு கிடக்கின்றது. 2014இல் வெளிவந்த 'த க்ரூ' என்னும் காரோட்ட விளையாட்டின் சேவையகங்களை அதன் வெளியீட்டாளர் 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்தியபோது, பணங் கொடுத்தவர்கள் தனியே இருந்து விளையாடுதலும் இயலாதாயிற்று. நாம் பொருளை வாங்கவில்லை. பயன்படுத்தும் அனுமதியையே வாங்குகின்றோம். இதனை வாங்குவோர்க்குத் தெளிவாக அறிவித்தல் வேண்டுமென விதிக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

இலவசமென வருவனவற்றில் இன்னும் விழிப்பு வேண்டும். வாயிலிலே காசு கேளாத விளையாட்டு, உள்ளே உடைக்கும் ஆயுதத்திற்கும் அலங்காரத்திற்கும் சிறிது சிறிதாகக் காசு கேட்கும். உள்ளிருப்பது யாதென அறியாமலே பணங் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டமெனக் கொண்டது. 'போர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் கொம்பனி, விரும்பாத கட்டணங்களைச் செலுத்துமாறு பயனரை மயக்கியது என்னும் முறைப்பாட்டைத் தீர்த்தற்கு, 24 கோடியே 50 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க 2022 டிசெம்பரில் உடன்பட்டது.

வாங்குவோர் இதன்கண் வலியற்றவர் அல்லர். 2013இல் பழைய இறுவட்டுக்களின் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்த முனைந்த மைக்ரோசொப்ட், மக்கள் எதிர்ப்பினால் சில கிழமைகளுள் அம்முடிவைக் கைவிட்டது. 2025இலும் 'த அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' என்பதற்கு 80 டொலர் என அறிவித்து, பின்னர் 70 டொலராகக் குறைத்தது.

ஆகவே பெற்றோரும் மாணவரும் பணங் கொடுக்குமுன் நான்கு வினாக்களை வினவுவாராக: இன்றே வேண்டுமா? இஃது இரவல் கொடுக்கத்தக்கதா? இணையத் தொடர்பு அற்றபோதும் இயங்குமா? உள்ளே புகுந்தபின் மேலும் காசு கேட்குமா? பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசியில் வங்கி அட்டையின் இலக்கத்தைப் பதிந்து வைத்திருப்போர் நான்காம் வினாவை இருமுறை வினவுதல் நன்று. இந்நான்கிற்கும் விடை கண்டபின், உறையில் அச்சிட்ட விலை பெரிதோ சிறிதோ என்பது தானே விளங்கும்.