நித்தியகல்யாணி: செடி வேறு, மருந்து வேறு

உழவர் நண்பர்களே, ஆடு மாடு வாய் வைக்காத செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். தென்மாவட்டங்களில் இலைக்கும் வேருக்குமாக மானாவாரியில் பயிரிடுகிறார்கள். "இது கேன்சருக்கு மருந்தாமே, நாலு கொத்து கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. கொடுக்கலாமா?

ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடித்தார்கள். அது உண்மைதானா என்று பார்க்க, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இலைச்சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள்தான் குறைந்தன. அந்த நூலைப் பிடித்துப் போய் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அடுத்து வந்தது வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு செல் இரண்டாகப் பிரிய, உள்ளே கயிறு போன்ற இழைகள் வேண்டும். இந்த மருந்து புரி சேரவே விடாது. கயிறு இல்லையென்றால் பிரிவது எப்படி? புற்று செல் பெருகாமல் நிற்கிறது. ஆனால் வேகமாகப் பிரியும் நல்ல செல்லும் அடிபடும். முடி கொட்டுவதும் வெள்ளையணு குறைவதும் அதனால்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் அதைவிடவும் அரிது. அதனால்தான் பிரான்சில் பியர் போத்தியே குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். இலையில் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு பொருள்களை ஆய்வகத்தில் இணைத்து, அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி வினோரெல்பினை உண்டாக்கினார்கள். நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்கு அது பயன்படுகிறது. ஆய்வகத்தில் பிறந்தாலும் அதற்குத் தாய் இந்தச் செடிதான்.

வின்கிறிஸ்டின் பெரியவருக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. கூடினால் நரம்பு பாதிக்கும். அதையும் நேரே ரத்தக்குழாயில்தான் ஏற்றுவார்கள். வீட்டு அடுப்பில் கஷாயம் வைப்பவருக்கு இந்த அளவு எப்படித் தெரியும்? நோயை அடக்கவும் போதாது, உடம்பைக் கெடுக்காது என்ற உறுதியும் இல்லை. அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டால், போன மாதங்கள் திரும்பாது.

ஆகவே, கேட்டு வருகிறவருக்கு மோர் கொடுங்கள், ஆறுதல் சொல்லுங்கள். "இலையிலிருந்து எடுத்த மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கு, அங்கே போங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.