உக்கிராணம் கட்டிய கணக்கு

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு பிரதோஷ நாள். நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்றுக்கொண்டிருந்தது. உற்சவமூர்த்தியை எழுந்தருளச் செய்வதற்காக ரிஷப வாகனத்தை மண்டபத்தின் மூலையிலிருந்து எடுத்து வரச் சென்ற ஸ்ரீபாதம் தாங்கிகளுள் ஒருவர் திடீரென்று குரல் கொடுத்தார். ஓடிப்போய்ப் பார்த்தோம். ரிஷபத்தின் பின்னங்கால் ஒன்று அவர் கைபட்ட மாத்திரத்தில் பொடியாக உதிர்ந்திருந்தது. வெளியே வண்ணம் அப்படியே இருக்க, உள்ளே இருந்த இலுப்பை மரத்தைக் கரையான் தின்று முடித்திருந்தது. அன்று சுவாமி சிறு பல்லக்கில்தான் பிராகாரம் வலம் வந்தார். குருக்கள் யாரையும் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பழைய உக்கிராணம் இடிந்து விழுந்து நெடுநாளாயிற்று. அதன் பின்பு வாகனங்களும், அண்டா குண்டான்களும், திருவிழாப் பந்தல் மூங்கில்களும், எண்ணெய் டின்களும் மண்டபத்தின் ஒரு மூலையில் வெறுந்தரையிலேயே கிடந்தன. பன்னிரண்டு அடிக்குப் பத்தடியில் ஒரு சிறிய அறை இருந்தால் போதும் என்று எல்லோருமே பல முறை சொல்லியிருக்கிறோம். சொன்னதோடு சரி.

ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கேட்டோம். எல்லாம் அடங்க 2,75,000 ரூபாய் ஆகும் என்றார். நூற்றிருபது சதுர அடிக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய கட்டட மதிப்பீடுகளைப் பரிசீலித்துக் கடன் அனுமதித்தவன் நான். ஒரு தாளை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டேன். பொருள்களை நாமே வாங்கி, கொத்தனாரை நாள் கூலிக்கு அமர்த்தினால் 1,60,000 ரூபாயில் முடியும் என்று சன்னிதியில் வைத்தே சொன்னேன். அந்த வார்த்தையை நம்பித்தான் ஊரார் பணம் கொடுத்தனர். அரசின் முதியோர் உதவித்தொகையாக அப்போது மாதம் 1,200 ரூபாய் பெற்றுவந்த ஒரு பாட்டி, அதில் 1,000 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மொத்தம் 1,75,000 சேர்ந்தது. மிச்சப் பணத்தில் வாகனத்தையும் சீர் செய்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

கோயில் இடத்தில் எதைக் கட்டினாலும் முன் அனுமதி வேண்டும் என்பதை அன்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும். அறநிலையத் துறைக்கு முறைப்படி விண்ணப்பித்து, அனுமதி பெற்று, ஆவணியில் வேலை தொடங்கினோம். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலாயின் 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்துக்கே தடை உண்டு. எங்கள் கோயிலுக்கு அந்த நிலை இல்லை. இடத்தைக் குருக்களே காட்டினார். சுவாமி புறப்பாட்டு வழியை மறிக்கலாகாது, கும்பாபிஷேக காலத்தில் யாகசாலைக்கு வேண்டிய இடத்தைத் தொடலாகாது, புதுக்கூரையின் மழைநீர் பழைய மதிலின் அடியில் விழலாகாது என்ற மூன்றையும் அவர்தான் எடுத்துரைத்தார். மூன்றாவது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் அடி கடைக்காலிலேயே விழுந்தது. மூன்றடி வானம் போதும் என்று நான் எழுதியிருந்தேன். தோண்டத் தோண்டக் கறுத்த களிமண்ணாகவே வந்தது. கொத்தனார் ஒரு கட்டியைக் கையில் பிசைந்து காட்டி, "ஐயா, இது மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். இது மேல சுவர் வெச்சா ரெண்டே வருஷத்துல விரிசல் விடும்" என்றார். காவிரிப் பாசன நிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாததன்று. வீட்டுத் திண்ணையிலேயே அந்த விரிசல் இருக்கிறது. ஆயினும் கணக்கெழுதுகையில் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எழுதினேன். நான்கு அடி தோண்டி, ஓரடிக்கு மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் ஜல்லிக் கலவையும் கருங்கல் கட்டும் எழுந்து தளமட்டம் வந்து சேர்ந்தபோது, 22,000 என்று நான் எழுதிய இடத்தில் 46,500 ஆகியிருந்தது. கரையானுக்காகவே கட்டும் அறைக்கு, வானத்தில் கரையான் மருந்து விடவேண்டும் என்பதையும் மறந்திருந்தேன். அதற்கு 4,000.

சுவருக்கு ஒன்பது அங்குலக் கட்டு. ஒரு சதுர அடிச் சுவருக்கு ஒன்பது அல்லது பத்துச் செங்கல் பிடிக்கும். உடைவையும் சேர்த்து 3,600 கல், கல் ஒன்று பத்து ரூபாய். சிமெண்டுக்கு அப்போது 28 விழுக்காடு வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்தது. எங்களுடைய கடைசி எட்டு மூட்டைகளுக்கு மட்டுமே அந்தப் பயன் கிட்டியது.

கூலியை மிச்சப்படுத்தலாம் என்று நான் நம்பியது ஞாயிறுதோறும் உழவாரப் பணிக்கு வரும் இளைஞர்களை. அப்பர் பெருமான் ஏந்திய உழவாரத்தின் பெயரால் நடக்கும் பணியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் புல் செதுக்குவது வேறு, சுவர் எழுப்புவது வேறு. ஒரு ஞாயிறன்று மேற்குச் சுவரை ஆர்வத்தோடு நான்கடி உயர்த்திவிட்டார்கள். திங்களன்று கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிரித்துக் கட்டியதில் வீணான கல்லும் கலவையும் ஒரு நாள் கூலியுமாக ஏறக்குறைய 4,000 ரூபாய் போயிற்று. அந்த இளைஞர்களுக்கு இன்று வரை அந்தத் தொகையை நான் சொல்லவில்லை. அவர்களை வேலைக்கு விட்டவன் நான்தானே.

இலவச உழைப்பு உண்மையிலேயே கைகொடுத்த இடம் ஒன்று உண்டு. கட்டிய சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் குறைந்தது ஏழு நாளும், இக்காலத்துக் கலப்புச் சிமெண்டாயின் பத்து நாளும் ஈரம் காயாமல் தண்ணீர் விடவேண்டும். கூலியாளிடம் விட்டால் ஒரு வேளை நடக்கும், மறு வேளை நடக்காது. எங்கள் ஊரில் காலை தரிசனத்துக்கு வரும் முதியோர் எழுவர் முறை வைத்துக்கொண்டு குடத்தாலும் குழாயாலும் தண்ணீர் விட்டனர். எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சுவர், லிண்டல், பூச்சு என எல்லாம் சேர்த்து 80,000 என்று எழுதியது 96,000-இல் நின்றது.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். வாயிற்படிக்கு மூன்றரை அடி விட்டிருந்தோம். ரிஷபத்தின் உடலை அளந்திருந்தேன். அது நிற்கும் பீடத்தை அளக்கவில்லை. பீடம் நான்கரை அடி. பாதி எழும்பிய சுவரைப் பக்கவாட்டில் உடைத்து ஐந்தடியாக்கி, இரட்டைக் கதவு போட்டோம். கதவும் ஜன்னலும் 14,000 ஆகவேண்டியது 19,000 ஆயிற்று. எதை வைப்பதற்காக அறை கட்டுகிறோமோ அதைத் தண்டும் பீடமும் உட்பட வெளியே வைத்து, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு அளவைத் தீர்மானித்திருக்கவேண்டும்.

கூரைக்கு வண்ணத் தகடு. நான்கு பக்கமும் இரண்டடி வெளியே நீட்டியதால் 28,000 என்பது 34,500 ஆனது. அந்த நீட்டலில் சிக்கனம் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் சுவர் நனையாமல் நின்றது அதனால்தான். தகட்டின் வெப்பத்தில் மரம் வெடிக்காதிருக்க மேலே எதிரெதிராகக் காற்றுத் துளைகள் விட்டோம். உள்ளே ஓரடி உயர மேடை, சுவரிலிருந்து ஓரடி தள்ளி. தரை, வெள்ளை, விளக்கு, மேடை எல்லாம் 16,000-க்குப் பதில் 24,000. இவற்றோடு ஏற்றிறக்குக் கூலி, வண்டி வாடகை, வேலையாட்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை அன்பர்களுக்கும் சாப்பாடு என்று 14,500. என் மதிப்பீட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆக 2,38,500 ரூபாய். சதுர அடிக்கு இரண்டாயிரத்துக்குச் சற்றே குறைவு. நான் சொன்னதைவிட 78,500 கூடுதல். ஒப்பந்தக்காரர் கேட்டதைவிட 36,500 குறைவு. இந்த 36,500-க்காக நான் வெயிலில் நின்ற 52 நாள்களுக்கு விலை போடவில்லை. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு இல்லாத மதிப்பீட்டை வங்கியில் எத்தனையோ பேரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையில் மண்ணும், சாய்ந்த சுவரும், சாப்பாடும் அடங்கியிருந்தன என்பது இப்போது விளங்குகிறது. அன்று அவர்மேல் கோபப்பட்டது தவறு.

வந்த பணத்துக்கு மேல் 63,500 குறைந்தது. மதிப்பீட்டில் பிழை செய்தவன் என்ற முறையில் 20,000 நான் ஏற்றேன். வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் 35,000 அனுப்பினர். மீதி 8,500 சிமெண்டுக் கடையில் பாக்கி நின்று தை மாதம் தீர்ந்தது. வாகனத்தின் காலை ஸ்தபதி ஒருவர் மர விலை மட்டும் பெற்றுக்கொண்டு செய்து கொடுத்தார்.

கார்த்திகை மாதப் பிரதோஷத்தன்று, ரிஷபம் புதுக் காலோடு சுவாமியைச் சுமந்து வந்த பிறகு, ஊரார் முன் நின்று மதிப்பீட்டையும் செலவையும் வரிவரியாகப் படித்தேன். குரல் சற்று நடுங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கணக்குத் தாளை உக்கிராணத்தின் கதவில் ஒட்டினேன்.

அந்தப் பாட்டி மட்டும் அறையைப் பார்க்கவேண்டும் என்றார். கைபிடித்து அழைத்துச் சென்றேன். ரிஷபத்தின் புதுக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்து, "சுவிட்ச்சை ஏன் தம்பி இவ்வளவு உசரத்துல வெச்சிருக்கே? விளக்குத் துலக்க வர்றவங்களுக்கு எட்டுமா?" என்றார். கோயில் பாத்திரங்களைத் துலக்க வருபவர்கள் அவரும் அவர் வயதுப் பெண்கள் இருவரும்தான். மறுநாளே மின்பணியாளரை அழைத்துக் கீழே இறக்கினோம். அதற்கு 350 ரூபாய். கதவில் ஒட்டிய தாளில் பேனாவால் அடித்து 2,38,850 என்று திருத்தி எழுதியிருக்கிறேன்.