ஏஐ கற்க எந்த இயங்குதளம்?

திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணத்துக்குக் கல்லூரி போகும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஏஐ படிக்க விண்டோஸ் போதுமா, லினக்ஸ் வேண்டுமா?

விடையில் பாதி அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது, தமிழிலும் இயங்கும். அதைப் பழக்கிவிட அன்று இன்னும் கொஞ்சம் அக்கறை காட்டியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கணக்குகளைப் பெரும்பாலும் ஜிபியு என்ற சில்லு போடுகிறது. நாம் எழுதும் பைத்தான் நிரலுக்கும் அந்தச் சில்லுக்கும் நடுவில் டிரைவர், என்விடியாவின் கூடா, பைடார்ச் நூலகம் எனப் பல அடுக்குகள். ஒன்றின் பதிப்பு மற்றதோடு ஒத்துப்போகாவிட்டால் எதுவும் ஓடாது. இந்த அடுக்குகள் முதலில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் லினக்ஸில்தான். பைடார்ச் போன்ற இன்னொரு நூலகமான டென்சர்ஃப்ளோ, 2.10 பதிப்புக்குப் பிறகு விண்டோஸில் நேரடி ஜிபியு ஆதரவையே நிறுத்திவிட்டது. விண்டோஸை விட மனமில்லாதவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2-ஐ நிறுவிக்கொள்ளலாம், தொடக்கத்துக்கு அது தாராளம். மேக்கில் கூடா கிடையாது, ஆப்பிளின் மெட்டல் வழியாகத்தான் போக வேண்டும்.

நினைவகக் கணக்கையும் பார்க்க வேண்டும். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி ஒன்று, அளவுருவுக்கு 16 பிட் வீதம் 14 ஜிபி பிடிக்கும். 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 3.5 ஜிபி. 8 ஜிபி மடிக்கணினியில் இது ஓடுமா என்பது, இயங்குதளம் தனக்கென எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. எடை குறைந்த லினக்ஸ் இங்கே கைகொடுக்கும்.

பெரிய வேலைக்கு மடிக்கணினி காணாது. தஞ்சை–திருச்சி சாலையில், துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் பரம் பொருள் என்ற 838 டெராஃப்ளாப்ஸ் சூப்பர் கணினி இயங்கத் தொடங்கியது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அத்தனையும் லினக்ஸ்தான். அத்தகைய இயந்திரத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, யாருக்கு எத்தனை ஜிபியு, எவ்வளவு நேரம் என்று திட்டமிடும் மென்பொருள் பங்கிடும். ஒருவர் மற்றவர் பங்கில் கைவைக்காமல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள சிகுரூப்ஸ் வசதி காக்கும். 2008-ல் லினக்ஸில் சேர்ந்த இந்த வசதி, நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர் போன்றவற்றுக்கும் ஓர் அடித்தளம்.

ஆகவே கற்பவருக்கு என் பரிந்துரை உபுண்டு அல்லது டெபியன். அதிலும் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு. உபுண்டு 24.04-க்கு ஐந்தாண்டு இலவச ஆதரவு உண்டு. புதுப்பதிப்பு வந்ததுமே தாவினால் டிரைவர் சண்டையில் வாரம் போய்விடும்.

பாஸ் லினக்ஸை உருவாக்குவோரிடம் ஒரு வேண்டுகோள். டிரைவர், கூடா, பைடார்ச் மூன்றையும் ஒன்றாகச் சோதித்து, ஏஐக்கென்றே தனிப்பதிப்பு ஒன்று தாருங்கள். இவற்றைப் பதிவிறக்கப் பல ஜிபி டேட்டா தேவை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பிப் படிக்கும் பிள்ளைகளால் அது முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிரதி இருந்தால் பென்டிரைவில் வாங்கிப்போய் வீட்டில் நிறுவிக்கொள்வார்கள்.