மளிகை பில்லில் ஒரு வரி: அலபாமா மக்கள் அதைக் குறைக்க வைத்த கதை

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்விட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கடையில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, கவுன்ட்டரில் கேட்கும் தொகை வேறு. நம் ஊர் எம்.ஆர்.பி. போல வரியையும் சேர்த்து விலை போடும் பழக்கம் அங்கே இல்லை. பில் போடும்போதுதான் மாநில அரசின் விற்பனை வரியும் உள்ளூர் வரியும் வந்து ஏறும்.

ஆனால், பெரும்பாலான மாநிலங்களில் வீட்டில் சமைக்க வாங்கும் அரிசி, பால், முட்டை, காய்கறிக்கு மாநில வரி கிடையாது. தெற்கே இருக்கும் அலபாமா அப்படியில்லை. 2023 ஆகஸ்ட் வரை அங்கே டி.வி. வாங்கினாலும் 4 சதவீதம், குழந்தைக்குப் பால் வாங்கினாலும் 4 சதவீதம். தலைநகரான மாண்ட்கோமரியில் உள்ளூர் வரிகளையும் சேர்த்தால் 10 சதவீதம்!

'4 சதவீதம்தானே, பெரிய விஷயமா?' என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 52 வாரம். அதில் 4 சதவீதம் என்றால், இரண்டு வாரத்து மளிகைப் பணம் வரியாகவே போகிறது. வசதியான வீட்டில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் சில்லறையை எண்ணி வாங்கும் வீட்டில் இரண்டு வாரச் சாப்பாடு என்பது சின்ன விஷயமில்லை. அரசின் உணவு உதவி அட்டையில் வாங்கினால் வரி இல்லை. அந்த உதவி கிடைக்கும் வரம்புக்குக் கொஞ்சம் மேலே சம்பாதிப்பவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வரியைக் குறைக்க வைத்தது ஒரு பெரிய தலைவரோ கட்சியோ இல்லை. தேவாலயக் குழுக்கள், ஊர்ச் சங்கங்கள், சாதாரண மனிதர்கள் சேர்ந்து, ஒரே கோரிக்கையைப் பல வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

ஓட்டுக்கும் வரி

அலபாமாவில் வரியும் வாக்குரிமையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. 1901-ல் எழுதிய மாநில அரசமைப்புச் சட்டம் அப்படி. ஓட்டுப் போட வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒன்றரை டாலர் வாக்கு வரி கட்ட வேண்டும். கட்டாத வருடங்களின் பாக்கி கழியாது, ஏறிக்கொண்டே போய் 36 டாலர் வரை வந்து நிற்கும். பருத்திக்காட்டில் குத்தகைக்கு உழுதவரால் அதைக் கட்ட முடியுமா? எழுத்தறிவுத் தேர்வு, சொத்து நிபந்தனை என்று மற்ற தடைகள் தனி. 1900-ல் ஓட்டுப் போடும் தகுதியோடு இருந்த கறுப்பின ஆண்கள் சுமார் 1,81,000 பேர். 1903-ல் வாக்காளர் பட்டியலில் மிஞ்சியவர்கள் 3,000 பேர்கூட இல்லை. ஏழை வெள்ளையர்களிலும் ஏராளமானவர்கள் ஓட்டை இழந்தார்கள்.

அதே சட்டம் நிலத்துக்கான சொத்து வரிக்கு உச்சவரம்பும் போட்டது. நிலம் வைத்திருந்தவர்கள் பக்கம் வரி ஏறாது. நிலம் இல்லாதவர்களுக்கு அதைக் கேட்க ஓட்டு இல்லை. இவ்வளவு பச்சையாக ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்று இன்று படிக்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. வாக்கு வரியை நீதிமன்றம் 1966-ல் ஒழித்தது. வரி அமைப்பு மட்டும் அப்படியே நின்றது. சொத்து வரி குறைவு என்றால், பள்ளிக்கூடம் நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? கடை பில்லிலிருந்துதான். மளிகை வரி போய்ச் சேரும் இடம் மாநிலத்தின் கல்வி நிதி. வரியை எடு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பெரிய சங்கடம். 'அப்போ டீச்சர் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பது?' என்ற கேள்வி உடனே வரும்.

கவர்னரே தோற்றுப்போனார்

2002-ல் சூசன் பேஸ் ஹாமில் என்ற சட்டப் பேராசிரியர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஏழையைக் கசக்கும் இந்த வரி அமைப்பு கிறிஸ்தவ அறத்துக்கே விரோதம் என்பது அவர் வாதம். மாநில நிலத்தில் 71 சதவீதம் மரம் வளர்க்கும் காடுகள். சொத்து வரியில் அவற்றின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை என்று கணக்குக் காட்டினார். அப்போது நான்கு பேர் உள்ள குடும்பம் வருடத்துக்கு 4,600 டாலர் சம்பாதித்தாலே மாநில வருமான வரி கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு மத்திய அரசு வைத்திருந்த வறுமைக்கோடு 2003-ல் 18,400 டாலர்!

கவர்னர் பாப் ரைலி குடியரசுக் கட்சிக்காரர், வரி உயர்வை எதிர்த்தே அரசியலில் வளர்ந்தவர். அவரே மனம் மாறி, பணக்காரர்களுக்கும் பெரிய நிலக்காரர்களுக்கும் வரியைக் கூட்டி, ஏழைகளுக்குக் குறைக்கும் 120 கோடி டாலர் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2003 செப்டம்பர் 9-ல் மக்கள் வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் 'வேண்டாம்' என்று விழுந்தது. வரி குறைந்திருக்க வேண்டிய குடும்பங்களிலேயே நிறையப் பேர் எதிர்த்துப் போட்டார்கள்.

ஏன்? 'மாண்ட்கோமரிக்குப் போகும் பணம் நமக்குத் திரும்பி வராது' என்ற அவநம்பிக்கை. அதை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று தலைமுறையாகத் தங்களை வெளியே நிறுத்திய ஒரு சட்டமன்றம், திடீரென்று ஒரு நாள் 'எங்களை நம்புங்கள்' என்றால் யார் நம்புவார்கள்? பல விஷயங்களை ஒரே சீட்டில் கட்டிக் கொடுத்து, விளக்கிச் சொல்லச் சில மாதம் மட்டும் வைத்திருந்தார்கள். எதிர்த்தவர்களுக்கு 'வரி ஏறும்' என்ற இரண்டு சொல் போதுமானதாக இருந்தது.

ஒரே கோரிக்கை, பல வருடம்

1988-ல் தொடங்கிய 'அலபாமா அரைஸ்' என்ற கூட்டமைப்பு வேறு வழியில் நடந்தது. எந்தப் பிரச்னையைக் கையில் எடுப்பது என்று உறுப்பினர்களே வருடாவருடம் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். மளிகை வரி அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தது. அலபாமாவில் மக்களே கையெழுத்து வாங்கி ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியாது. எல்லாம் சட்டமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். அதனால், எந்த மசோதா எந்தக் குழுவில் தூங்குகிறது, தன் தொகுதி உறுப்பினர் என்ன சொல்கிறார் என்று மக்களுக்குச் சொல்வதே பாதி வேலை. மீதிப் பாதி, அவருக்குப் போன் போட வைப்பது, கடிதம் எழுத வைப்பது, நேரில் போய் நிற்க வைப்பது.

முதலில் சின்ன வெற்றி. 2006-ல் அந்த 4,600 டாலர் வரம்பு 12,600 ஆனது. மளிகை வரி மட்டும் அசையவில்லை. ஜான் நைட் என்ற மாண்ட்கோமரி உறுப்பினர் பல வருடம் மசோதா கொண்டுவந்தார். டீச்சர் சம்பளக் கேள்விக்கு அரைஸ் ஒரு பதில் வைத்திருந்தது. மத்திய அரசுக்குக் கட்டிய வருமான வரியை மாநில வரிக் கணக்கில் முழுதாகக் கழித்துக்கொள்ள அலபாமா விடுகிறது. இதில் அதிகம் லாபம் அடைபவர்கள் பெரிய சம்பளக்காரர்கள். அந்தச் சலுகையை எடுத்தால் மளிகை வரி இல்லாமலே பள்ளிக்கூடம் நடக்கும் என்றார்கள். ஆனால் சட்டமன்றம் அதைத் தொடவே இல்லை.

2023-ல் காலம் கனிந்தது. விலைவாசி ஏறியிருந்தது, கல்வி நிதியில் உபரியும் இருந்தது. இரண்டு கட்சிகளும் சேர்ந்து, எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழாமல் வரிக்குறைப்பு மசோதாவை நிறைவேற்றின. கவர்னர் கே ஐவி ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் 1 முதல் 4 சதவீதம் 3 ஆனது. கல்வி நிதி போதுமான அளவு வளர்ந்தால்தான் 2 ஆகும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. 2024-ல் நிதி அந்த அளவு வளரவில்லை. மறுபடி போன், மறுபடி கடிதம். 2025-ல் தனிச் சட்டம் வந்து, செப்டம்பர் 1 முதல் 2 சதவீதம் ஆனது.

அந்த இரண்டு வார மளிகை இப்போது ஒரு வாரம். உபரி மட்டும் இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் வரிகள் பல ஊர்களில் அப்படியே இருக்கின்றன, பணக்காரர்களின் வரிச் சலுகையும் அப்படியே. மிச்சமிருக்கும் 2 சதவீதத்தையும் எடுக்கச் சொல்லி அரைஸ் உறுப்பினர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.