ஊழியரிடம் வாங்கும் கட்டாயக் கடன்: அமெரிக்க அரசு முடக்கத்தின் கணக்கு

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள்கள் அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. அதுவரை நடந்த முடக்கங்களில் அதுவே மிக நீண்டது. ஏறக்குறைய ஏழு லட்சம் ஊழியர்கள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையிலானவர்கள் சம்பளம் வராமலே நாள்தோறும் வேலைக்குப் போனார்கள். சண்டை நடந்தது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில். மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா, வேண்டாமா என்பதில். சண்டையிட்ட உறுப்பினர்களின் ஊதியம் சட்டப்படி தொடர்ந்தது. முடக்கம் என்றதும் அரசு தன் செலவை நிறுத்திக்கொள்கிறது என்று தோன்றும். உண்மையில் அரசு தன் ஊழியர்களிடம் சம்மதம் கேட்காமலும் வட்டி தராமலும் கடன் வாங்குகிறது. அந்தக் கடனில்தான் அரசியல் பேரத்துக்கான கால அவகாசம் கிடைக்கிறது. பின்னால் பணம் வந்துவிடும் என்பதால் இதை வெறும் தாமதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள்.

முடக்கம் எப்படி நேர்கிறது? அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களோ, பழைய ஒதுக்கீட்டைச் சில வாரங்கள் நீட்டிக்கும் தற்காலிகத் தீர்மானமோ இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரின் கையெழுத்தைப் பெற வேண்டும். பெறாவிட்டால் ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக் கூடாது என்ற 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால் அந்தச் சட்டம் இருந்த காலம் முழுவதும் அலுவலகங்கள் மூடப்பட்டுவிடவில்லை. 1980 வரை இத்தகைய இடைவெளிகளில் துறைகள் கொஞ்சம் சிக்கனம் பிடித்தபடி இயங்கின. அந்த ஆண்டில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லையென்றால் துறை மூடப்பட வேண்டும் என்று கருத்துரைத்தார். மனித உயிரையும் சொத்தையும் காக்கும் பணிகளுக்கான விலக்கை மறு ஆண்டில் விளக்கினார். சம்பளமில்லாமல் வேலை வாங்கும் வழி அந்த விலக்கில் பிறந்தது. இந்தியாவில் இப்படி நேராததற்குக் காரணம், அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடைக்காலச் செலவுக்கு வழிசெய்திருப்பதும், மக்களவையில் நிதி மசோதா தோற்றால் அரசே பதவி விலக வேண்டியிருப்பதும்தான். அங்கே மோதுபவர்கள் பதவியைப் பணயம் வைக்கிறார்கள். அமெரிக்காவில் பணயம் ஊழியரின் சம்பளம்.

விலக்குப் பெற்றவர்கள் என்ற சொல் சலுகைபோல ஒலிக்கிறது. விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் சுமார் 50,000 பேர், சுமார் 13,000 வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், சிறைக் காவலர்கள், எல்லைக் காவலர்கள் எல்லோரும் இந்த வகையில் வருகிறார்கள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். 1981இல் அதை மீறிய 11,000-க்கும் மேற்பட்ட வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் வேலையை விட்டே நீக்கினார். சம்பளம் தராவிட்டால் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை எந்தத் தனியார் தொழிலாளிக்கும் உண்டு, இவர்களுக்கு இல்லை. விடுப்பில் இருப்பவர்கள் மாநிலங்களின் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், நிலுவைச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். முழுநேரம் வேலை செய்பவர்களுக்குப் பொதுவாக அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

எப்படியும் நிலுவை வந்துவிடுகிறதே என்பது முதல் மறுப்பு. 2019இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு உத்தரவாதம் தருகிறது. மறுப்புக்குச் சான்றும் உண்டு. 2013இல் 16 நாள் நீடித்த முடக்கத்தின்போது ஊழியர்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், பெரும்பாலோர் வீட்டுக் கடன் தவணையையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் சில நாள்கள் தள்ளிப்போட்டுச் சமாளித்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் அந்தச் சான்று சொல்வது குறுகிய முடக்கத்தைப் பற்றி மட்டுமே. அப்போது நடுவில் வந்த சம்பளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அடுத்த தவணையில் சரிசெய்யப்பட்டது. 2025இல் பெரும்பாலோருக்கு ஒரு சம்பளத்தின் பகுதியும் இரண்டு முழுச் சம்பளங்களும் வரவில்லை. எதிர்பாராத 400 டாலர் செலவைக் கையிருப்பிலிருந்து சமாளிக்க முடியும் என்று சொல்பவர்கள் அமெரிக்கரில் 63 சதவீதம்தான் என்று மத்திய வங்கியின் ஆய்வுகள் காட்டும் நாட்டில், ஆறு வாரம் மிக நீண்ட காலம். வீட்டு வாடகைக்கும் குழந்தைகள் காப்பகக் கட்டணத்துக்கும் தேதி மாறாது. தாமதக் கட்டணத்தையும் கடன் வட்டியையும் நிலுவைச் சம்பளம் ஈடுகட்டாது. அந்த உத்தரவாதமே கெட்டியானதா என்ற சந்தேகமும் 2025 அக்டோபரில் எழுந்தது. விடுப்பில் இருந்தவர்களுக்கு நிலுவை தானாகக் கிடைக்காது என்ற வாதம் வெள்ளை மாளிகைத் தரப்பிலிருந்தே வந்தது; முடக்கத்தை முடித்த சட்டம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நிலுவை என்ற பேச்சுக்கே இடமில்லாதவர்கள் இன்னொரு பக்கம். அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்கள், காவலாளிகள், உணவகப் பணியாளர்கள் பலரும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். 2019 சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. போன கூலி போனதுதான். மத்திய அரசு ஊழியர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தலைநகர் வாஷிங்டன் பகுதிக்கு வெளியே வாழ்கிறார்கள் என்பதால், ராணுவத் தளத்தையோ சிறைச்சாலையையோ நம்பியிருக்கும் சிறு நகரங்களின் கடைகளிலும் வியாபாரம் படுத்துவிடுகிறது. 2025இல் சுமை ஊழியர் அல்லாதவர்கள் மீதும் இறங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கு மளிகை வாங்க உதவும் ஸ்நாப் திட்டத்தில் அப்போது சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் இருந்தார்கள். அதாவது எட்டு அமெரிக்கரில் ஒருவர். நவம்பர் உதவியைத் தருவதா, எவ்வளவு தருவது என்று நீதிமன்றங்களில் வழக்கு நடந்துகொண்டிருக்க, பலருக்கு உரிய நாளில் பணம் போய்ச் சேரவில்லை.

அரசின் செலவாவது மிஞ்சுகிறதா? சிக்கனத்தை விரும்புபவர்கள்தான் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். விடுப்பில் இருப்பவர்களுக்குப் பின்னர் கொடுத்தாக வேண்டிய ஊதியம் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 40 கோடி டாலர் என்று காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் 2025இல் மதிப்பிட்டது. செய்யாத வேலைக்கு முழுச் சம்பளம் என்பதைச் சேமிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2018-19இல் 35 நாள் நீடித்த முடக்கத்தால் பொருளாதாரம் நிரந்தரமாக இழந்தது 300 கோடி டாலர் என்பது அதே அலுவலகத்தின் கணக்கு. 2025இல் ஆறு வாரம் நீடித்தால் அந்த இழப்பு சுமார் 1,100 கோடியாகும் என்று அது கணித்தது. 2013, 2018, 2019 முடக்கங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு, வரிப்பணத்தில் கிட்டத்தட்ட 400 கோடி டாலர் வீணானது என்று கண்டது. அதில் 370 கோடி விடுப்பில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நிலுவை.

கடைசி மறுப்புதான் வலுவானது. வலி இல்லாவிட்டால் சமரசம் வராது. நிதியை நிறுத்திவைக்கும் அதிகாரம்தான் அதிபரைக் கட்டுப்படுத்த காங்கிரஸின் கையிலுள்ள கருவி என்கிறார்கள். கருவி தேவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அது யாருடைய தோளில் இறங்குகிறது என்பதே கேள்வி. 2019 ஜனவரி 25 அன்று சில கட்டுப்பாட்டாளர்கள் பணிக்கு வராததால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் சிறிது நேரம் நிறுத்தப்பட்டன. அன்றைக்கே முடக்கத்தை முடிக்க உடன்பாடு வந்தது. 2025 நவம்பரிலும் ஆள் பற்றாக்குறையால் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்கள் குறைக்கப்பட்ட சில நாள்களில் வழி பிறந்தது. இவை மட்டுமே காரணமல்ல; ஆனாலும் முடிவெடுப்பவர்களை வலி எட்டுவதற்குள் ஊழியர்கள் தாங்கும் எல்லையைக் கடந்துவிடுகிறார்கள் என்பது தெரிகிறது. அதே 2025இல் ராணுவத்தினரின் சம்பளத்துக்கு ஆராய்ச்சி நிதியை எடுத்துத் தந்தது அரசு. மனம் வைத்தால் மார்க்கம் கண்டுபிடிக்க முடிகிறது.

ஆகவே திருத்தத்தை இங்கிருந்து தொடங்க வேண்டும். ஒதுக்கீடு தாமதமானால் முந்தைய ஆண்டின் அளவில் நிதி தானாகவே தொடரும்படி சட்டம் இயற்றலாம். அப்படிச் செய்தால் உறுப்பினர்கள் வரவுசெலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள் என்ற அச்சம் நியாயமானது. பழைய திட்டங்கள் தகுதி பார்க்காமல் நீடிக்கவும் கூடும். அந்தச் சோம்பலுக்குத் தண்டனை தேவையென்றால், ஒதுக்கீடு நிறைவேறும்வரை அவை கலையக் கூடாது, மற்ற மசோதாக்களை எடுக்கக் கூடாது என்ற விதிகளை அவர்களே தங்களுக்கு வகுத்துக்கொள்ளலாம். இதற்குக் காங்கிரஸ் தயங்கினால், குறைந்தபட்சம் வேலைக்கு வரச் சொன்னவர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் உரிய நாளில் கூலி கிடைக்க வழி செய்ய வேண்டும். அதையும் மறுத்துவிட்டு முடக்கத்தைச் சிக்கனம் என்றோ கொள்கைப் போராட்டம் என்றோ சொல்பவர்கள், அடுத்தவர் சம்பளத்தில் போராடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு சொல்லட்டும்.